வாரியத்தின் ஒரே குதிரை

ஓய்வுபெற்ற அயல்நாட்டுப் பந்தயக் குதிரைகள் மறுவாழ்வு வாரியத்தில் எல்லாம் இருந்தது. தலைவர் இருந்தார், துணைத் தலைவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் கார்கள் இருந்தன, கார்கள் நிற்க நிழல் இருந்தது. வாரியத்துக்கென்று ஒரு சின்னம், ஒரு கொடி, கூட்டம் தொடங்குமுன் எழுந்து நின்று பாட ஒரு பாட்டு. மாடிப்படி திரும்பும் இடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு குதிரை ஓவியம், பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று ஓர் அட்டை. குதிரை ஒன்றுதான் இல்லை. இல்லாதது யாருக்கும் குறையாகவும் படவில்லை. குதிரை இல்லாததால் வேலை கெட்டது என்று ஒருவரும் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை.

அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாரியத்துக்கு மேலிடத்திலிருந்து தணிக்கைக்கு ஓர் அம்மாள் வந்தார். வேலைக்குப் புதியவர், நெளிவு சுளிவு தெரியாதவர். கணக்கெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, “குதிரைகளைப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டார்.

வாரியம் வெலவெலத்துப் போயிற்று. அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஓவியத்தைக் காட்டினார்கள். அந்த அம்மாள் அது போதாது என்றார். வருடம் முடிவதற்குள் ஒரு குதிரையாவது ஒரு வீட்டுக்குத் தத்துப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாரியத்தை மூடிவிடச் சொல்லி எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது போய் விடிந்த இடம் கண்ணாடிக்காரரின் தலை.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடி விற்பவர் அல்ல, ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துபவர். முன்னால் கடை, பின்னால் வீடு, வீட்டுக்கும் பின்னால் எப்போதோ லாரி நின்ற ஒரு பழைய ஷெட். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு சம்பாத்தியமும் சேர்ந்து மாதக் கடைசியை எட்டிப் பிடிக்கப் பார்க்கும், பிடிக்காது. அண்ணன் வாரியத்தில் தலைமை எழுத்தர். பெற்றோர் போனபிறகு படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்த் தம்பியை ஆளாக்கியவர் அந்த அண்ணன்தான். அவர் கிணற்றில் குதி என்று சொன்னால் தம்பி ஆழம்கூடக் கேட்கமாட்டார்.

ஒரு மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தார். கண்ணாடிக்காரர் மேசையில் பெரிய கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, பின்னாடி ஷெட்டு சும்மாதான கிடக்கு?”

“உடைஞ்ச பிரேமெல்லாம் போட்டு வெச்சிருக்கேண்ணே.”

“ஒரு குதிரை நிக்குமா?”

கோடு கோணலாகப் போய்விட்டது. கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

“ஒரு கையெழுத்துதாண்டா. யாருமே முன்வரல. வாரியத்தை மூடிட்டாங்கன்னா இந்த வயசுல நான் எங்க போய் நிப்பேன்?”

“செலவு?”

“அதான் வாரியம் இருக்கே.”

“வாரியம் குடுக்குமா?”

“வாரியம் இருக்குன்னுதான் சொன்னேன்.”

வேலை முடிந்து வந்த மனைவியிடம் கண்ணாடிக்காரர் சொன்னபோது அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “யானையக் கட்டித் தீனி போட முடியுமான்னு ஊருல கேப்பாங்க. உங்க அண்ணன் பரவால்ல, குதிரையோட விட்டாரு” என்றாள். பிறகு, “அவரு உங்களை வளர்த்தவரு. நான் குறுக்க நிக்கல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கையெழுத்துதான் என்றார்களே தவிர, முதலில் நேர்முகத் தேர்வு வைத்தார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் தலைவரும் இரண்டு துணைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வெண்கலக் குதிரை.

“குதிரை பந்தயத்தில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வருகிறது. நீங்கள் அதனிடம் என்ன சொல்வீர்கள்?” என்று தலைவர் கேட்டார்.

“ஓய்வு வாங்கின குதிரைதானங்க, இனிமே எங்க ஓடப் போகுது?”

“ஒரு கற்பனைக்கு.”

கண்ணாடிக்காரர் யோசித்தார். “பரவால்ல, கால் கழுவிட்டு வந்து சாப்பிடுன்னு சொல்லுவேங்க.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘சுகாதார உணர்வு மிக்கவர்’ என்று தலைவர் எழுதிக்கொண்டார். இரண்டாவது துணைத் தலைவர், “உங்கள் மனைவிக்கும் குதிரைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் யார் பக்கம் நிற்பீர்கள்?” என்று கேட்டார். கண்ணாடிக்காரர், “மனைவி உதைக்கமாட்டாங்க, அதனால குதிரை பக்கம் போய் நிக்கமாட்டேன்” என்றார். அதற்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அடுத்து குதிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தடித்த தாளில் அச்சிட்ட ஆல்பம் ஒன்றை அண்ணன் கொண்டுவந்து வைத்தார். முதல் பக்கங்களில் கோப்பை வாங்கிய குதிரைகள், பளபளவென்று. “தத்து இலவசம், குதிரைக்குத்தான் விலை” என்று அண்ணன் விளக்கினார். பக்கம் திரும்பத் திரும்ப விலையும் குறைந்தது, பளபளப்பும் குறைந்தது. கடைசிப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் குதிரை. வாங்கிய பரிசு: இல்லை. பழக்கம்: ஓடும்போது மற்ற குதிரைகள் வருகின்றனவா என்று திரும்பிப் பார்க்கும். ஏற்றிக்கொண்டு போக ஆளிருந்தால் போதும், விலை இல்லை.

“இதுதாங்க நம்ம தகுதிக்கு” என்றார் கண்ணாடிக்காரர்.

விதிப்படி குதிரை குளிரூட்டிய விமானத்தில் வர வேண்டும். அந்த விதியில் பணத்தை வாரியமே கட்ட வேண்டும் என்ற பகுதியும் இருந்தது. அதனால் அது கப்பலில், குளியலறை ஓடுகள் ஏற்றிய பெட்டிகளோடு வந்தது. துறைமுகத்தில் ஓடுகளை முதலில் இறக்கினார்கள். ஓடு உடைந்துவிடும் அல்லவா.

இறங்கிய குதிரையை அங்கேயே வெயிலில் நிறுத்தி வரவேற்பு விழா நடந்தது. மேடைக்கு மட்டும் கூரை இருந்தது. தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“நண்பர்களே, ஓய்வு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் மீன்வளத்தில் ஓய்வு பெற்றேன். பிறகு நெடுஞ்சாலையில் ஓய்வு பெற்றேன். அதன் பிறகே இங்கு வந்தேன். இத்தனை ஓய்வுக்குப் பின்னும் எனக்கு ஓர் அறை உண்டு, கார் உண்டு, கதவைத் திறந்துவிட ஆள் உண்டு. ஒரு குதிரைக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றால் அது நியாயமா? இந்த அநியாயத்தை எண்ணி நான் அலுவலகத்தில்கூடச் சரியாகத் தூங்குவதில்லை. இன்னொன்றையும் பெருமையோடு சொல்கிறேன். இந்தக் குதிரைக்காக வாரியம் இதுவரை ஒரு காசுகூடச் செலவழிக்கவில்லை. இனியும் செலவழிக்காது!”

கைதட்டல் அடங்குவதற்குள் குதிரை பக்கத்திலிருந்த மலர்க்கொத்தைத் தின்று முடித்திருந்தது. கப்பலில் பல நாள் சரியான தீனி இல்லை.

அதற்கு நீளமாக ஒரு வெளிநாட்டுப் பெயர் இருந்தது. கண்ணாடிக்காரருக்கு நாக்கு சுளுக்கியதே தவிர பெயர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து மனைவிதான் பெயர் வைத்தாள். “உங்க அண்ணன் அனுப்பி வெச்சது, உங்க பக்கத்துச் சொந்தம். வந்த நாளா வேளாவேளைக்குச் சாப்பிடுது. எதை வெச்சாலும் முகத்தத் திருப்பிக்கிட்டு ஒரு பெருமூச்சு. எனக்கு இது நாத்தனார்தான்.” அன்றிலிருந்து அது நாத்தனார்.

நாத்தனாருக்கு வாங்கிப் போடக் கண்ணாடிக்காரர் மோட்டார் சைக்கிளை விற்றார். சைக்கிளின் பக்கவாட்டில் மரச்சட்டம் கட்டி அதில் கண்ணாடியைச் செருகித் தள்ளிக்கொண்டு போனார். காய்கறிக் கடைக்காரர் வதங்கிய கேரட்டை ஒதுக்கி வைத்தார். மாட்டுப் பண்ணையில் ஜன்னலெல்லாம் மாற்றிக் கொடுத்துக் கூலிக்குப் பதில் வைக்கோல் வாங்கிக்கொண்டார். குதிரைக்குத் தனிமை ஆகாது, எதிரே ஒரு கண்ணாடி இருந்தால் துணை என்று நினைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உடைந்தாலும் சிதறாதபடி பின்னால் தாள் ஒட்டி ஒன்றைப் பொருத்தினார். நாத்தனார் கண்ணாடியில் தெரிந்த குதிரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டது.

கடையின் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டால் மட்டும் அதற்கு உடம்பெல்லாம் நடுங்கும். பந்தயத்தில் கதவு திறக்கும் சத்தம் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஓட வேண்டுமோ என்று காலை மாற்றி மாற்றி வைக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து கண்ணாடிக்காரர் கதவுக்கு எண்ணெய் விட்டு, குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல மெல்ல மெல்லத் தூக்கினார். பிறகு ஷெட்டுக்குப் போய் அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, “ஒண்ணுமில்ல, நம்ம கடைதான்” என்பார். சில மாதத்தில் அந்த உள்ளங்கை போதுமென்று ஆயிற்று. கயிறு வேண்டாம், கடிவாளம் வேண்டாம். அவர் கழுத்தில் கை வைத்து நடந்தால் நாத்தனார் கூட நடக்கும். நிறுத்தினால் நிற்கும். அவர் மத்தியானச் சாப்பாட்டை ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அது தாடையை அவர் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும். யாரோடும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அதனிடம் கண்ணாடி விலை ஏறியதைப் பற்றி, இடுப்பு வலியைப் பற்றி, சின்ன வயதில் அண்ணன் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தைக் கடந்ததைப் பற்றியெல்லாம் பேசினார்.

“என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல” என்றாள் மனைவி வாசலில் நின்று.

“நீ பதில் பேசுவியே” என்றார் கண்ணாடிக்காரர்.

வாரியமும் சும்மா இருக்கவில்லை. ஒரு குதிரை தத்துப் போன பெருமையில் மேலிடம் பணத்தைத் தாராளமாக அனுப்பியிருந்தது. தீவனப் பிரிவு, குளம்புப் பிரிவு, உணர்வுப் பிரிவு, ஓய்வுப் பிரிவு என்று பிரிவுகள் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் ஆள் எடுத்தார்கள். தீவனப் பிரிவிலிருந்து தீவனம் வரவில்லை. ஓய்வுப் பிரிவிலிருந்து ஓர் ஆய்வாளர் மட்டும் மாதாமாதம் வந்தார்.

“ஏன் நிற்கிறார்?” என்று முதல் நாளே கேட்டார். வாரியத்தார் குதிரையை மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

“குதிரை நின்னுக்கிட்டேதாங்க தூங்கும்.”

“நிற்பது பணி. படுப்பதுதான் ஓய்வு. எங்கள் விதி அப்படித்தான் சொல்கிறது. இவர் ஓய்வுபெற்றவர். நிற்பதற்கு இவருக்கு அதிகாரம் இல்லை.”

மறுவாரம், நின்றதற்கு விளக்கம் கேட்டுக் குதிரையின் பெயருக்கே கடிதம் வந்தது. கீழே அண்ணனின் கையெழுத்து. மனைவி அதை நாத்தனாருக்கு முழுக்க வாசித்துக் காட்டினாள். நாத்தனார் கேட்டு முடித்துவிட்டுக் கடிதத்தைத் தின்றது. கொண்டுவந்த ஆள் ‘பெற்றுக்கொண்டார்’ என்று குறித்துக்கொண்டு போனார். அண்ணனிடம் கேட்டதற்கு, “கைதாண்டா கையெழுத்துப் போடுது, மனசா போடுது?” என்றார். கண்ணாடிக்காரருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அண்ணன் கை என்ன செய்தாலும் அண்ணன் மனசு தனக்குத் தெரியும் என்று நம்பியிருந்த காலம் அது.

ஒரு காலையில் வாசலில் லாரி வந்து நின்றது. அண்ணனும் நான்கைந்து ஆட்களும் இறங்கினார்கள். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஆட்கள் ஷெட்டுக்குள் போனார்கள், வந்த வேகத்தில் திரும்பினார்கள். நாத்தனார் லாரியில் ஏற மறுத்தது. இழுத்தார்கள், தள்ளினார்கள், ஒருவன் உதை வாங்கித் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“தம்பி, நீ சொன்னாத்தான் கேக்கும்” என்றார் அண்ணன்.

“எங்கண்ணே கூட்டிட்டுப் போறீங்க?”

“கால் பரிசோதனைக்கு. புதுசா டாக்டர் வந்திருக்காரு. சாயங்காலமே கொண்டாந்து விட்டுடுவோம்.”

“அப்ப நானும் வரேன்.”

“உனக்குக் கடை இருக்கேடா. என்மேல நம்பிக்கை இல்லையா?”

அந்தக் கேள்விக்குக் கண்ணாடிக்காரரிடம் வாழ்நாள் முழுக்க ஒரே பதில்தான் இருந்தது. அவர் ஷெட்டுக்குள் போனார். கழுத்தில் உள்ளங்கையை வைத்தார். “ஒண்ணுமில்ல, அண்ணன்தான்” என்றார். நாத்தனார் நடந்தது. பலகையில் கால் வைக்கும்போது ஒரு முறை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. அவர் தலையசைத்தார். ஏறிவிட்டது. உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவர் மட்டும் இறங்கினார். பின்கதவை அடைத்தார்கள். லாரி தெருமுனை திரும்பும்வரை உள்ளே குளம்பு தட்டுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் செய்தால் அண்ணன், “ரிப்போர்ட் வரணும்டா” என்றார். பிறகு போனை எடுப்பதையே நிறுத்தினார். கண்ணாடிக்காரர் தினமும் வைக்கோலை மாற்றிப் புதிதாகப் பரப்பினார். மனைவி ஒரே ஒரு நாள், “மண் குதிரைய நம்பி ஆத்துல இறங்காதன்னு சொல்லுவாங்க. நாம நிஜக் குதிரைய வெச்சிருந்தும் முழுகிட்டோம்” என்றாள்.

மாதம் பிறந்ததும் ஓய்வு ஆய்வாளர் வழக்கம்போல வந்தார். காலி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நிற்கவில்லை, நடக்கவில்லை, சத்தமே இல்லை. இதைத்தான் இத்தனை நாளாகச் சொன்னேன்.”

“சார், குதிரையே இல்லைங்க சார்!”

“அதை நீங்கள் சொல்லக் கூடாது. தத்து என்பது ஆயுளுக்கும். உங்கள் பேரில் ஒரு குதிரை இருக்கிறது” என்று கடிந்துகொண்டு, ‘முழு ஓய்வில் இருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வாரம் ஊருக்கு வெளியே ஒரு பெரிய தோட்ட வீட்டிலிருந்து வேலை வந்தது. சிமெண்ட் வியாபாரியின் வீடு. புல்வெளி ஓரத்தில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள், சலவைக்கல் தரையோடு. ஜன்னலுக்குக் கண்ணாடி போட வேண்டும்.

“யாருங்க தங்கப் போறாங்க?” என்று அளவெடுத்துக்கொண்டே கேட்டார் கண்ணாடிக்காரர்.

“குதிரை” என்றார் வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர். “வாரியத்துல தத்துத் தராங்க. வெள்ளிக்கிழமை விழா. பெரிய மனுஷங்கல்லாம் வராங்க, படம் எடுக்கணும், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க.”

“என்ன நிறங்க குதிரை?”

“சாம்பல். பந்தயத்துல ஒண்ணும் கிழிக்கலயாம். ஆனா வெளிநாடு.”

அளவு நாடா சுருட்டிக்கொண்டு அவர் கையிலிருந்து ஓடிற்று. அங்கிருந்து நேராக வாரியத்துக்குச் சைக்கிளை மிதித்தார். அண்ணன் மேசையில் இருந்தார். தம்பியைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

“நான் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“சொல்லு.”

“போன வருஷம் இலக்கு ஒண்ணு. நூத்துக்கு நூறு முடிச்சுட்டோம். அதனால இந்த வருஷம் ரெண்டு குடுத்துட்டாங்க.”

“அப்ப இன்னொரு குதிரைய வரவழைங்க.”

“பட்ஜெட்ல குதிரைக்கு இடமில்லடா. ஆள் எடுத்ததுலயே தீர்ந்துபோச்சு. ரெண்டு தத்து நடக்கணும்னுதான் இலக்கு. வேற வேற குதிரையா இருக்கணும்னு எங்கயும் சொல்லல.”

“இது யாரு யோசனை?”

அண்ணன் மேசைமேல் நேராக இருந்த காகிதங்களை மறுபடி நேராக்கினார். “தலைவர் ரொம்பப் பாராட்டினாரு” என்றார்.

கண்ணாடிக்காரர் மேசையருகே வந்தார். “சரி. ரெண்டாவது தத்தையும் நானே எடுத்துக்கிறேன்.”

“உங்கிட்டதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. விதி இடம் குடுக்காது.”

“அண்ணே, என் கையால ஏத்த வெச்சியே!”

“நீ ஏத்தலன்னா அடிச்சு ஏத்தியிருப்பாங்க. அது அடி வாங்கக் கூடாதுன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். உனக்காகத்தாண்டா.”

குதிரை கீழே தள்ளியது மட்டுமல்லாமல் குழியும் பறித்தது என்று ஒரு பழமொழி உண்டு. இங்கே குதிரை பாவம், ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை விழாவுக்குக் கண்ணாடிக்காரரும் மனைவியும் அழைப்பில்லாமல் போனார்கள். மனைவி வேலையிலிருந்து நர்ஸ் உடுப்போடு வந்திருந்ததால் யாரோ முக்கியமானவர் என்று நினைத்து வாசலில் விட்டுவிட்டார்கள். புல்வெளியில் மேடை, ரிப்பன், நாற்காலிகள். ஓரத்தில் அதே லாரி, பின்கதவு அடைத்தபடி. தலைவர் போன வருடப் பேச்சையே பேசினார். ‘இந்தக் குதிரை’ என்று வந்த இடத்தில் ‘இரண்டாவது குதிரை’ என்று மாற்றியிருந்தார். கூடுதலாக ஒரு வாக்கியம்: “நண்பர்களே, இரண்டு குதிரைகளும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றாகவே இருப்பது நம் தேர்வு முறையின் சிறப்பு!”

ரிப்பனை வெட்டினார்கள். லாரியின் கதவைத் திறந்தார்கள். நாத்தனார் வரவில்லை. உள்ளே கோடியில், விலா தெரிய இளைத்து, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. “உயர்ந்த குலம், கூச்ச சுபாவம்” என்றார் தலைவர் ஒலிபெருக்கியில். கொஞ்ச நேரம் வாரியப் பாட்டைப் பாடினார்கள். அதற்கும் வரவில்லை. ஒருவன் கம்பை எடுத்துக்கொண்டு பலகையில் ஏறினான். அவன் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டுக் கண்ணாடிக்காரர் உள்ளே போனார்.

“ஒண்ணுமில்ல” என்று கழுத்தில் உள்ளங்கையை வைத்தார்.

நாத்தனார் சூடு பட்டதுபோலக் கழுத்தை இழுத்துக்கொண்டது. அவர் மறுபடி வைத்தார். அது மெல்ல உடம்பைத் திருப்பி, முகத்தை லாரிச் சுவரோடு வைத்துக்கொண்டது. உதைக்கவில்லை. கனைக்கவில்லை. அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அங்கேயே, அழுக்கு வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் பலகையில் பாதி ஏறி வந்து குனிந்தார். “டேய், எறங்குடா. எல்லாரும் பாக்குறாங்க. மானம் போகுது.”

“மேல வா.”

“எதுக்கு?”

“எங்கிட்ட சொன்னியே, சாயங்காலமே கொண்டாந்து விட்டுடுவோம்னு. அதை இது காதுலயும் ஒரு தடவை சொல்லு. நான் சொல்லி ஏமாந்திருச்சு. நீ சொன்னது அதுக்குத் தெரியாது.”

அண்ணன் இறங்கிப் போய்விட்டார்.

வெளியே விருந்தினர்கள் கலையத் தொடங்கினார்கள். சிமெண்ட் வியாபாரி லாரிக்கு முன்னால் நின்று தலைவரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு தலைவரின் காதோரம், “தத்து முடிஞ்சதுதானே? படமும் ஆச்சு. குதிரைய நீங்களே கொண்டு போயிடுங்க. சலவைக்கல்லு கீறிடும்” என்றார்.

“வாரியத்தில் குதிரைக்கு இடமில்லையே” என்றார் தலைவர் நிஜமான வியப்போடு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டு, ஆளுக்கொரு காரில் போய்விட்டார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். மேடையைப் பிரித்தார்கள். லாரிக்காரர் பீடியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“யாராவது சொல்லுங்கப்பா. இதை எங்கதான் எறக்கறது? எனக்கு வேற சவாரி இருக்கு.”

“எங்க ஏத்துனீங்களோ அங்கயே எறக்குங்க” என்று மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

இப்படியாக, இவ்வளவு பெரிய வாரியம் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போன குதிரை, யாருக்கும் வேண்டாம் என்பதால் வீடு திரும்பியது. வாசலில் லாரி நின்றதும் மனைவி கதவைத் திறந்து, “எறங்கு நாத்தனாரே, சொந்த வீட்டுக்கு வெத்தலை வெச்சா அழைக்கணும்?” என்று கையை நீட்டினாள். நாத்தனார் அவள் பின்னால் இறங்கிப் போயிற்று. கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டித்தான் போயிற்று. பார்க்கவில்லை.

வாரியம் இரண்டு தத்துகளையும் முடித்துவிட்டதாக அறிவித்தது. அண்ணன் துணைத் தலைவர் ஆனார். நாத்தனார் தேறி, மறுபடி சதை போட்டது. காய்கறிக் கடைக்காரர் கையில் தின்றது, பால்காரர் தடவினால் நின்றது, மனைவி தோளில் தாடையை வைத்துக்கொண்டது. கண்ணாடிக்காரர் உள்ளே வந்தால் மட்டும் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும். அவர் தீனியை வைத்துவிட்டு வெளியே வந்தபிறகுதான் வாய் வைக்கும். அவர் மத்தியானச் சாப்பாட்டை மறுபடி கடையிலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசலில் புதுக் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். தம்பி ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“இந்த வருஷம் இலக்கு நாலு” என்றார் அண்ணன் வாசல்படியில் நின்று. “பயப்படாத, குதிரையக் கேக்க வரல. விழாவுக்கு இனிமே போட்டோ போதும்னு முடிவாயிருச்சு. நாலு பக்கத்துலேர்ந்தும் நாலு போட்டோ எடுத்துக்கிட்டு இப்பவே போயிடறேன்.”

கண்ணாடிக்காரர் பெருக்கிக்கொண்டே இருந்தார்.

“என்மேல கோவமாடா?”

கோடியில் சுவரைப் பார்த்து நின்ற நாத்தனார் வாசலிலிருந்து வந்த குரலைக் கேட்டுக் காதைத் திருப்பிற்று. பிறகு உடம்பையும் திருப்பிற்று. தம்பியை ஒதுங்கிக் கடந்து, நேரே அண்ணனிடம் நடந்து போய், அவர் சட்டைப் பையை மோந்து பார்த்தது. அண்ணன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டிக் கழுத்தைத் தடவினார். அது நின்றது. தாடையைத் தூக்கி மெதுவாக அவர் தோளில் வைத்தது.

அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. “பாத்தியாடா” என்றார் தழுதழுத்து. “வாயில்லாத ஜீவன். அதுகூட என்னை மன்னிச்சிருச்சு.”

கண்ணாடிக்காரர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“மன்னிக்கலண்ணே” என்றார். “நீ செஞ்சது அதுக்குத் தெரியாது. அதை ஏமாத்தினது நான்னுதான் அதுக்குத் தெரியும்.”